லைஃப் கோச் ஆக எண்ணுபவர் முதலில் போட வேண்டிய கணக்கு

சென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம் ‘ஐசிஎஃப்’ என்று சொன்னால் அவர் வண்டியை வில்லிவாக்கம் பக்கம் திருப்புவார். 1955இல் பெரம்பூரில் தொடங்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு ஊர் வழங்கும் பெயர் அது. வாழ்க்கை முடிவுகளில் ஒருவரிடம் கேள்வி கேட்டுத் துணைநிற்கும் லைஃப் கோச்சிங் துறையில் இருப்பவர்களுக்கோ அதே மூன்றெழுத்து, தாமஸ் லியோனார்டு 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பைக் குறிக்கும். இரண்டிலும் நடுவில் நிற்கும் எழுத்து ‘கோச்’ என்ற சொல்லுக்கானது. அது தற்செயலும் அன்று. ஹங்கேரியில் கோச் என்ற சிற்றூரில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அந்த ஊர்ப்பெயரே நிலைத்தது. பிறகு 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரையேற்றிவிட்ட தனி ஆசிரியரை அந்த வண்டியின் பெயரால் கேலியாக அழைத்தார்கள். அந்தச் சொல் அங்கிருந்து விளையாட்டுத் திடலுக்குப் போய், கடைசியில் மனிதரின் வாழ்க்கைக்குள்ளேயே வந்துவிட்டது.

பெயர் வந்த வழியை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். வண்டி, ஏறியவர் சொல்லும் ஊருக்குப் போகும். தானாக ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகாது. இந்தத் தொழிலின் இலக்கணமும் ஏறத்தாழ அதுவே. ஆனால் இந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு இன்று இன்ஸ்டாகிராமில் வருகிறவர்களில் பலர், ஏறியவரிடம் ஊரைக் கேட்காமலே வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள்.

கூட்டமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 2022இல் உலகெங்கும் 1,09,200 பேர் கோச்சிங் தொழிலில் இருந்தார்கள். 2019ஆம் ஆண்டின் மதிப்பீட்டைவிட இது 54 விழுக்காடு அதிகம். பெருந்தொற்றுக் காலத்தில் ஜூம் வழியே மனம் விட்டுப் பேசுவது பழகிப்போனதும், நாற்பதைத் தொட்ட மென்பொருள் ஊழியர்களுக்கு வேலை நிரந்தரமில்லை என்பது உறைத்ததும், மனத்தைப் பற்றி வெளியாரிடம் பேசுவதில் இருந்த கூச்சம் சற்றுக் குறைந்ததும் இந்த வளர்ச்சிக்குக் காரணங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தொழிலைத் தொடங்கப் பெரிய முதல் வேண்டாம், உரிமம் வேண்டாம், குறிப்பிட்ட பட்டம் எதுவும் வேண்டாம். மருத்துவர், வழக்கறிஞர் ஆகிய பெயர்களுக்கு இந்தியாவில் சட்டத்தின் காவல் உண்டு. லைஃப் கோச் என்ற பெயருக்கு இல்லை. இன்று மாலை நீங்கள் ஒரு பெயர் அட்டை அச்சடித்தால் நாளைக் காலையில் நீங்களும் லைஃப் கோச்தான்.

வாசலில் காவலர் இல்லாத இடத்தில் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்த இடத்தில், உள்ளே நடப்பதைவிட உள்ளே நுழைவதற்கான சீட்டை விற்பதில் லாபம் அதிகம். ஆகவே கோச்சிங் செய்து சம்பாதிப்பவர்களைக் காட்டிலும், கோச் ஆவது எப்படி என்று கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பவர்களின் விளம்பரமே உங்கள் கைபேசியில் முதலில் வரும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்த நானும் அப்படியொரு சீட்டை வாங்கியவன்தான். இரண்டு நாள் வகுப்பு, ஒரு நட்சத்திர விடுதியில் மதிய உணவு, முடிவில் தங்க ஓரம் போட்ட சான்றிதழ், அதில் ‘மாஸ்டர்’ என்ற பட்டம். அந்த இரண்டு நாளில் நான் யாருக்கும் ஒரு முழு மணி நேரம்கூடக் கோச்சிங் செய்யவில்லை. இந்தத் தொழிலின் கணக்கைச் சான்றிதழில் தொடங்கக் கூடாது, மணி நேரத்தில் தொடங்க வேண்டும் என்று நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து வருவதே.

வேலை எது, எது இல்லை

மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் சிகிச்சை அளிப்பவர்; அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர் தன் துறை அறிவைக் கொண்டு தீர்வு சொல்பவர். வழிகாட்டி என்று நாம் மதிப்பவர், தான் நடந்த பாதையை உங்களுக்குக் காட்டுபவர். கோச் இவர்களில் எவரும் அல்லர். உடல்நலமும் மனநலமும் ஓரளவு நிலையாக உள்ள ஒருவர், தனக்கு முன்னுள்ள ஒரு முடிவையோ மாற்றத்தையோ தெளிவாகப் பார்த்து, தானே ஓர் அடி எடுத்துவைக்கும்வரை கூட இருந்து கேள்வி கேட்பவர் கோச். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலை, செய்யும்போது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உரையாடலின் நடுப்பகுதியைக் காட்டுகிறேன்; அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முப்பத்தெட்டு வயதுள்ள ஒரு மென்பொருள் குழுத் தலைவர். மேலாளர் பதவி தேடி வருகிறது. ஏற்பதா, தொழில்நுட்பப் பக்கமே இருந்துவிடுவதா என்பது அவருடைய தடுமாற்றம். “மேனேஜர் ஆகுறதுல உங்களுக்கு எவ்வளவு விருப்பம்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க” என்று கேட்டேன். “நாலு” என்றார். இந்த இடத்தில் யாருக்கும் வாயில் வரும் கேள்வி, ‘ஏன் இவ்வளவு குறைவு?’ என்பதுதான். அப்படிக் கேட்டிருந்தால் மேலாளர் வேலையின் தொல்லைகளை அவர் வரிசையாக அடுக்கியிருப்பார். அவற்றை அவர் ஏற்கெனவே நூறு முறை வீட்டில் அடுக்கியவர். மாறாக, “ரெண்டுன்னு சொல்லாம நாலுன்னு சொன்னீங்களே, அந்த மிச்சம் ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டேன். அவர் பேசவில்லை. ஜூம் திரை உறைந்துவிட்டதோ என்று எனக்கே ஐயம் வந்தது. பிறகு மெதுவாக, “புதுசா சேர்ற பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நேரம் போறதே தெரியாது சார்” என்றார். அதன் பின் மேலாளர் பதவியைப் பற்றிய பேச்சே குறைந்து, நிறுவனத்துக்குள் கற்பிக்கும் வேலை எங்கே இருக்கிறது என்ற தேடலாக அமர்வு மாறியது.

இந்தக் கேள்வி முறை என் கண்டுபிடிப்பு அன்று. குடிப்பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களுக்காக 1983 முதல் வில்லியம் மில்லர் வளர்த்தெடுத்த உரையாடல் முறையிலிருந்து இது கோச்சிங்குக்கு வந்தது. கேள்வியைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். கேள்வி கேட்ட பிறகு வரும் இருபது விநாடி மௌனத்தை, தொண்டையைச் செருமிக் கலைக்காமல், அடுத்த கேள்வியை உள்ளே தள்ளாமல் தாங்கிக்கொள்வதற்குத்தான் பல மாதப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் பத்து உரையாடல்கள்

எந்தப் பயிற்சியிலும் சேர்வதற்கு முன்பு பத்துப் பேரிடம், ஆளுக்கு நாற்பத்தைந்து நிமிடம், காசு வாங்காமல் பேசிப் பாருங்கள். நெருங்கிய உறவினரும் உயிர்த் தோழரும் வேண்டாம். அவர்களுடைய கதை உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். நண்பரின் நண்பர், பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், குடியிருப்பில் முகம் மட்டும் தெரிந்தவர் போன்றோர் பொருத்தம். இது பயிற்சிக்கான உரையாடல் என்பதையும், பேசுவது வெளியே போகாது என்பதையும், விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் பின்பற்ற வேண்டிய விதி ஒன்றே: அறிவுரை கூடாது. ‘நானா இருந்தா’ என்று தொடங்கும் வாக்கியம் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள்.

அவருடைய ஒப்புதலோடு பேச்சைப் பதிவு செய்து, அன்று இரவே தனியாகக் கேளுங்கள். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று குறியுங்கள். மனிதவளத் துறையில் இத்தனை ஆண்டு மனிதர்களிடம் பேசியவன் என்ற நினைப்பில் இருந்த நான், என் முதல் பதிவைக் கேட்டபோது பாதிக்கு மேல் நானே பேசியிருந்ததைக் கண்டேன். அதிலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும் முன் அதே கேள்வியை வேறு வார்த்தையில் இன்னும் இரண்டு முறை கேட்டிருந்தேன். பத்தாவது பதிவில் உங்கள் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கியிருந்தால், அந்த அமைதி உங்களுக்குச் சலிப்பைத் தராமல் ஆர்வத்தைத் தந்திருந்தால், மேலே போகலாம். பத்திலும் பேசிப் பேசித் தீர்த்திருந்தால் உங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பவராகவோ மேடைப் பேச்சாளராகவோ நல்ல வாய்ப்பு உண்டு. அவையும் மதிப்பான வேலைகளே, இது வேறு வேலை.

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

சட்டம் கேட்காவிட்டாலும், நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கோச் அமர்த்தும்போது பெரும்பாலும் ஐசிஎஃப் தகுதியைக் கேட்கின்றன. ஐரோப்பாவில் இஎம்சிசி என்ற அமைப்பும் இதே போன்ற தகுதிகளை வழங்குகிறது. ஐசிஎஃப் தகுதியில் மூன்று படிகள் உள்ளன. முதற்படியான ஏசிசிக்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். இரண்டாவதான பிசிசிக்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும். மூன்றாவதான எம்சிசிக்கு, அதாவது மாஸ்டர் சர்டிஃபைட் கோச் தகுதிக்கு, 200 மணி நேரப் பயிற்சியும் 2,500 மணி நேர அனுபவமும். இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த ‘மாஸ்டர்’ பட்டத்தை இந்த 2,500க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏசிசியின் 100 மணி நேரத்துக்குள் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. விளம்பரங்கள் இவற்றைச் சொல்வதில்லை. அந்த நூறில் 75 மணி நேரமாவது கட்டணம் பெற்றுச் செய்ததாக இருக்க வேண்டும். கட்டணத்தின் அளவுக்கு வரம்பில்லை. பண்டமாற்றாக வேறு ஒரு சேவையைப் பெற்றாலும் அது கட்டணமே. குறைந்தது எட்டு வெவ்வேறு நபர்கள் வேண்டும். முறையான பயிற்சியைத் தொடங்கிய பிறகு செய்த மணி நேரங்களே கணக்கில் சேரும். அதனால் நான் மேலே சொன்ன பத்து உரையாடல்கள் இதில் வரா. அவற்றின் பயன் உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. இவற்றோடு, அனுபவம் மிக்க ஒரு கோச் உங்கள் அமர்வுகளைக் கேட்டுக் குறை நிறை சொல்லும் மென்டார் கோச்சிங் 10 மணி நேரம், குறைந்தது மூன்று மாதங்களில் பரவியதாக, நடந்திருக்க வேண்டும். பிறகு ஒரு தேர்வு. தகுதி கிடைத்த பின்னும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 40 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே ஒரு பயிற்சி நிறுவனத்துடன் பேசும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. உங்கள் பாடத்திட்டத்துக்கு ஐசிஎஃப் அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறது, அல்லது அது தொடர்கல்விக்கான அங்கீகாரம் மட்டும்தானா? இரண்டிலும் அதே சின்னம் விளம்பரத்தில் மின்னும். ஆனால் தொடர்கல்விப் பாடம் ஏற்கெனவே தகுதி பெற்றவர்களுக்காக ஏற்பட்டது. மென்டார் கோச்சிங் பத்து மணி நேரமும் கட்டணத்துக்குள் அடக்கமா, தனியா? என் அமர்வுகளை யார் கேட்டு மதிப்பிடுவார், அவருடைய தகுதி என்ன? தேர்வுக் கட்டணமும் விண்ணப்பக் கட்டணமும் டாலரில் கட்ட வேண்டியவை. அவை உங்கள் தொகையில் சேர்ந்தவையா? பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். “இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள கட்டினா பாதி விலை” என்று சொல்பவரிடம் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்க வேண்டாம். அவரை விட்டு நகர்ந்துவிடுவதே லாபம்.

தமிழில் கேள்வி கேட்பது

பயிற்சிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடக்கின்றன. அங்கே கற்ற கேள்விகளை அப்படியே தமிழாக்கிக் கேட்டால் எதிரில் இருப்பவர் விழிப்பார். ‘அப்போது நீங்கள் எவ்வாறு உணர்ந்தீர்கள்?’ என்ற கேள்வியை நம் வீடுகளில் யாரும் யாரையும் கேட்டதில்லை. நம்மவர்கள் மனத்தை உடம்பின் வழியாகச் சொல்பவர்கள்: நெஞ்சை அடைக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை. “அதைக் கேட்டதும் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாலே போதும், பதில் உடம்பிலிருந்து தொடங்கி மனத்துக்கு வரும். ‘ஏன்’ என்ற சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டும். “ஏன் அந்த வேலையை விட்டீங்க?” என்பது தமிழ்க் காதில் விசாரணையாகவே விழுகிறது, மாமனார் கேட்டது போல இருக்கும். “அந்த வேலையை விடலாம்னு தோணுனப்போ என்ன நடந்துட்டிருந்துச்சு?” என்றால் கதவு திறக்கும்.

இன்னொரு சிக்கல், விளிப்பது. கோச்சிங் முறை இருவரும் சமம் என்ற அடிப்படையில் எழுந்தது. நம் மொழியிலோ எதிரில் இருப்பவரை எப்படியாவது ஓர் உறவில் வைக்காமல் பேச்சே தொடங்காது. மூன்றாவது அமர்வில் ஒருவர் உங்களை ‘அண்ணா’ என்றோ ‘அக்கா’ என்றோ அழைக்கத் தொடங்கினால் அது அன்பு. அதோடு ஓர் எதிர்பார்ப்பும் சேர்ந்தே வருகிறது. அண்ணன் வழி சொல்ல வேண்டியவர். அக்காவிடம் காசு கொடுப்பது கூச்சத்துக்குரியது. “நீங்களே சொல்லுங்கண்ணா, நான் என்ன பண்ணட்டும்?” என்று அவர் கேட்கும்போது, மறுத்தால் கைவிட்டதுபோல் ஆகும், சொன்னால் கோச்சிங் முடிந்துபோகும். நான் இப்போது செய்வது இதுதான்: “நான் சொன்னா இன்னிக்கு உங்களுக்கு நிம்மதியா இருக்கும். ஆனா அது என் முடிவா போயிடும். இன்னும் பத்து நிமிஷம் சேர்ந்து பார்ப்போம், அப்புறமும் தோணலன்னா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.” அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு என் கருத்தைத் திரும்பக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

மேலைநாட்டுக் கையேடுகள் முடிவெடுப்பவர் ஒரு தனிமனிதர் என்று வைத்துக்கொள்கின்றன. நம்மிடம் வருபவரின் பின்னால் வீடே உட்கார்ந்திருக்கிறது. வேலையை விடுவதா, ஊருக்குத் திரும்புவதா, மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் வேலைக்குப் போவதா என்ற எந்த முடிவும் ‘வீட்டுல கேட்டுச் சொல்றேன்’ என்பதில்தான் போய் நிற்கும். இதை மன உறுதிக் குறைவு என்று எண்ணிவிடும் புதிய கோச்களைப் பார்த்திருக்கிறேன். அது குறைவு அன்று. வீட்டுக் கடனும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் இருவர் சம்பளத்தில் ஓடும்போது அதுவே பொறுப்பு. வீட்டில் யாரிடம், எந்த நேரத்தில், எந்த வாக்கியத்தில் தொடங்கிப் பேசப்போகிறீர்கள் என்று கேட்டு, அந்த உரையாடலையே அமர்வின் வேலையாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கூட்டத்தாருக்குக் கோச்சிங் செய்வது என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. நீங்கள் பத்து ஆண்டுகளேனும் உள்ளிருந்து அறிந்த உலகம் எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவருக்கு வங்கி ஊழியர்களின் இடமாற்றக் கவலை தெரியும். ஆசிரியருக்கு ஆசிரியர்களின் சலிப்பு தெரியும்.

எல்லைக்கோடு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்றும் கண்டது. மனநல மருத்துவரைப் பார்ப்பது அவமானம், லைஃப் கோச்சைப் பார்ப்பது நாகரிகம் என்று எண்ணும் சமூகத்தில், அந்தப் பத்துப் பேரில் ஒருவர் உங்கள் கதவைத் தட்டாமல் இருக்க மாட்டார். அவர் வரும்போது தன் சிக்கலை ‘மோட்டிவேஷன் குறைவு’ என்றுதான் சொல்வார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் போயிருந்தால். காதில் குரல் கேட்பதாகவோ யாரோ தன்னைக் கண்காணிப்பதாகவோ சொன்னால். குடி கட்டுப்பாட்டை மீறியிருந்தால். ‘நான் இல்லேன்னா எல்லாருக்கும் நல்லது’ என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும் கோச்சிங்கை அங்கேயே நிறுத்த வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், நம்பிக்கையான ஓர் உறவினரை அழைக்க வைத்து, மருத்துவ உதவிக்கு வழி செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகச் செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி உதை படும் பெண்ணுக்கு 181. இந்த இரண்டு எண்களோடு, உங்கள் ஊரில் உள்ள இரண்டு மனநல மருத்துவர்கள், இரண்டு பதிவு பெற்ற உளவியலாளர்கள் ஆகியோரின் எண்களையும் முதல் கட்டணம் வாங்குவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். அவர்களை நேரில் ஒருமுறை சந்தித்து வந்தால் இன்னும் நல்லது. நீங்கள் அனுப்பும் ஆளை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். கோச்சிங் மட்டும் போதுமானவரை அவர்களும் உங்களிடம் அனுப்புவார்கள்.

ஒப்பந்தம், கட்டணம், வரி

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை அமர்வுகள், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் அமர்வைத் தள்ளிவைக்கலாம், இடையில் நிறுத்தினால் எவ்வளவு திருப்பித் தரப்படும், இது மருத்துவச் சிகிச்சை அன்று, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் காக்கப்பட மாட்டாது ஆகியவை அதில் வர வேண்டும். நிறுவனம் பணம் கட்டி ஊழியரை அனுப்பினால், அமர்வில் பேசியதில் எது மேலாளருக்குத் தெரிவிக்கப்படும், எது தெரிவிக்கப்படாது என்பதை மூவரும் சேர்ந்து முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். இதை நான் ஒருமுறை செய்யத் தவறி, ‘அவர் இங்கேயே இருப்பாரா, போய்விடுவாரா?’ என்று ஒரு மனிதவள அதிகாரி தொலைபேசியில் கேட்டபோது பதில் சொல்லவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவித்தது உண்டு. கடைசியில் மறுத்தேன்; அந்த நிறுவனத்திலிருந்து அடுத்த ஆள் வரவில்லை.

விளம்பரத்தில் பலனை உறுதியாகச் சொல்லாதீர்கள். ‘90 நாளில் சம்பளம் இரண்டு மடங்கு’ போன்ற வாக்குறுதி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகலாம். அதற்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

கட்டணக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். ஓர் அமர்வுக்கு 2,000 ரூபாய், ஆளுக்கு ஆறு அமர்வுகள், ஒரு நேரத்தில் எட்டுப் பேர், இரண்டு வாரத்துக்கு ஓர் அமர்வு என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்தில் 48 அமர்வுகள், 96,000 ரூபாய். மாதம் 32,000. ஒவ்வோர் அமர்வுக்கும் முன்னும் பின்னும் குறிப்பெழுத அரை மணி நேரம், ஆள் பிடிக்கும் இலவச அறிமுக உரையாடல்கள், ஜூம் சந்தா, தொடர்கல்விச் செலவு எல்லாம் இதற்குள்ளிருந்து போக வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் இந்த எட்டுப் பேரும் விடைபெற்றுச் சென்றுவிடுவார்கள். நல்ல கோச்சிங்கின் அடையாளமே ஆள் திரும்பி வரத் தேவையில்லாமல் போவதுதான். எனவே எட்டு இருக்கைகளையும் மீண்டும் நிரப்ப வேண்டும். உலக அளவிலும் நிலை இதுவே. முன்பு சொன்ன ஆய்வில் 2022இன் மொத்த வருவாய் ஏறத்தாழ 456 கோடி டாலர்; தலைகளால் வகுத்தால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 42,000 டாலர் வருகிறது. அமெரிக்காவில் பெருநிறுவனத் தலைவர்களிடம் வாங்கப்படும் கட்டணமும் அந்தச் சராசரிக்குள் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். கோச்களில் பெரும்பாலோர் பயிற்சி வகுப்பு, நிறுவன ஆலோசனை என்று வேறு வருமானமும் வைத்திருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான்.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மற்ற வருமான வரி விவரங்களை ஒரு கணக்காளரிடம் முதல் ஆண்டிலேயே கேட்டுவிடுங்கள். வங்கியில் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிட்டால் அவருடைய வேலையும் உங்கள் வேலையும் பாதியாகும்.

வேலையை எப்போது விடுவது

இப்போது உள்ள வேலையில் இருந்தபடியே தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு மாலைகள், சனிக்கிழமை காலை ஒன்று. இந்த அளவில் வாரம் மூன்று அமர்வுகள் நடத்தலாம், விடுமுறையும் பண்டிகையும் போக ஓராண்டுக்குள் நூறு மணி நேரம் சேர்ந்துவிடும். மென்பொருள் நிறுவனங்களில் ஊதிய உயர்வுக் கடிதம் வரும் ஏப்ரல், மே மாதங்களில் தொலைபேசி அதிகம் ஒலிக்கும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு முழு ஆண்டு கண்ணால் பார்க்காமல் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். உங்கள் தற்போதைய பணி ஒப்பந்தம் வெளிவேலையை அனுமதிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே படித்துப் பாருங்கள்.

நான் பலருக்கும் சொல்லும் அளவுகோல் இது: தெரிந்தவர் யாரும் அனுப்பாமல், உங்களிடம் முன்பு கோச்சிங் பெற்ற ஒருவர் சொல்லக் கேட்டு வந்து, முழுக் கட்டணம் கொடுத்து, ஆறு அமர்வுகளையும் முடித்தவர்கள் பத்துப் பேர் ஆகும்வரை மாதச் சம்பளம் தொடரட்டும். அந்தப் பத்தை எண்ண ஒரு பதிவேடு வேண்டும். ஐசிஎஃப்க்கு விண்ணப்பிக்கும்போதும் அதே பதிவேடுதான் ஆதாரம். பெயர், தொடர்பு விவரம், தொடங்கிய நாள், முடிந்த நாள், கட்டணத்துடன் எத்தனை மணி நேரம், இலவசமாக எத்தனை மணி நேரம் என்று பத்திகளைப் போட்டுக்கொள்ளுங்கள். விவரங்களை அப்படிக் குறித்து வைப்பதற்கு அவர்களுடைய ஒப்புதலையும் ஒப்பந்தத்திலேயே வாங்கிவிடுங்கள். நான் இதோடு இன்னொரு பத்தியும் வைத்திருக்கிறேன். அந்த அமர்வில் நான் எத்தனை நிமிடம் பேசினேன் என்பது அதில் இருக்கும். சென்ற வியாழக்கிழமை அமர்வில் அது இருபத்திரண்டு.